மாமியிடம் கேட்ட கேள்வி: ஈழத்துப் பொப்பிசையும் அதன் விமர்சகரும்

ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் பற்றி இருவேறு தீர்ப்புகள் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளன. 1970களில் வானொலி வழியாக அவற்றைக் கேட்ட பொதுமக்கள் கலியாண வீடுகளிலும் பஸ் பயணங்களிலும் கைதட்டிப் பாடி மகிழ்ந்தனர். இசையில் தூய்மை நாடியோரோ அவற்றைப் பைலாவின் நகல் என்றும் மலிவான கேலி என்றும் ஒதுக்கினர். இரு சாராரும் பாட்டின் சொல்லைக் கூர்ந்து நோக்கவில்லை என்றே கூறத் தோன்றுகின்றது.

உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’ என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். இளைஞன் ஒருவன் மாமியிடம் அவளது இளைய மகளைப் பற்றி விசாரிக்கின்றான். அவள் படிக்கப் போய்விட்டாள் என அறிந்ததும், அங்கே அவளைக் கெடுப்போர் உளர் என எச்சரிக்கின்றான். அந்த அக்கறைக்குள் ஒளிந்திருக்கும் ஆசையைக் கேட்போர் அறிவர். அவனோ அறியாதவன் போல் நிற்கின்றான். நகைச்சுவை இவ்விடைவெளியிலேயே பிறக்கின்றது. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்னும் பாடலிலும் இவ்வுத்தியே தொழிற்படுகின்றது: குடியாதே என்னும் போதனை, குடித்தவனையும் ஆடவைக்கும் தாளத்தில் வருகின்றது.

போர்த்துக்கேயர் வழிவந்து சிங்கள மக்களிடையே வளர்ந்த பைலாவின் தாளத்தை இப்பாடல்கள் கடன்வாங்கியமை உண்மையே. ஆயின் மாமி மருமகன் உறவின் உரிமைக் கேலியும் யாழ்ப்பாணப் பேச்சின் நெளிவுசுளிவும் கடன்பட்டவையல்ல. வன்னியின் பன்றிப்பள்ளையும் குருவிப்பள்ளையும் நாட்டார் இலக்கியமெனப் போற்றிப் பதிப்பிக்கும் நாம், பேச்சுமொழியில் பிறந்த இப்பாடல்களை மட்டும் இழிவெனத் தள்ளுவது எந்த அளவுகோலால்? பழமை ஒன்றே தகுதியாகிவிடாது.

எனினும், இரசிகரின் கைதட்டலும் முடிந்த தீர்ப்பன்று. அப்பாடலில் மாமி பேசுகின்றாள், மருமகன் பேசுகின்றான், படிக்கப் போனவள் மட்டும் பேசவில்லை. கேலி அவனது பொறாமையைச் சாடுகின்றது என்பது என் வாசிப்பு. ஆனால் பெண் படிக்கப்போவதே ஆபத்து என்னும் எண்ணத்தை மெய்யாகவே கொண்ட ஒருவரும் அதே பாட்டுக்கு மனநிறைவோடு சிரிக்க இயலும். வீட்டைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மாணவியர் கற்க வரும் இக்காலத்தில், இவ்வையத்தை எழுப்பாத பாராட்டு குறையுடையதே. அப்பாடலை ஒதுக்குவதன்று, அதில் யாரை நோக்கிச் சிரிக்கின்றோம் என வினவுவதே விமர்சனத்தின் கடமை.