கட்டடத்தின் சொந்தச் சுமை

கட்டடப் பணிகளை நடத்தும் திறத்தைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் இரண்டே அளவுகோல்களைக் கையிலெடுக்கின்றனர். குறித்த நாளில் பணி முடிந்ததா என்பது ஒன்று; குறித்த பணத்திற்குள் முடிந்ததா என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் தேறிவிட்டால் அதுவே சிறந்த நிருவாகம் என்று போற்றுவது வழக்கமாகிவிட்டது. இவ்வளவுகோல்கள் போதா என்பதே இக்கட்டுரையின் கருத்து. சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடும் முனையே போதும்.

அம்முனையில் 1971ஆம் ஆண்டு எழுந்தது லியன் யாக் கட்டடம். தரைக்கடியில் ஒரு தளமும் மேலே ஆறு மாடிகளும் கொண்டது. கீழே வங்கி, அதன்மேல் இரவு விடுதி, அதற்கும் மேலே ‘நியூ வோர்ல்டு’ என்னும் தங்கும் விடுதி. பதினைந்து ஆண்டுகள் அங்கே வாணிகம் குறைவின்றி நடந்தது. 1986 மார்ச் 15ஆம் நாள் முற்பகல் 11.25 மணியளவில், ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரத்தில், கட்டடம் முழுவதும் இடிந்து மண்ணோடு மண்ணாயிற்று. மீட்கப்பட்டோர் 17 பேர். மாண்டோர் 33 பேர். அக்காலத்தில் விரைவு ரயிலுக்காகச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்த அயல்நாட்டார் சிலர் தாமே முன்வந்து, இடிபாடுகளுக்குள் வழி குடைந்து சென்று உயிர்களை மீட்டனர் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

விபத்துக்குக் காரணம் என்ன? எரிவாயு வெடித்தது என்றனர் சிலர். ரயில் சுரங்கம் தோண்டியதால் நிலம் இளகிற்று என்றனர் வேறு சிலர். பின்னாளில் சுவரில் ஓடுகள் பதித்தனர், கூரைமேல் குளிர்சாதனக் கருவிகளை ஏற்றினர், வங்கிக்குக் கனத்த பெட்டக அறை அமைத்தனர். சுமை மிகுந்தது, தூண் ஒடிந்தது என்பாரும் உளர். தமிழாசிரியர்களுக்கு இந்த மூன்றாவது விளக்கம் மிகவும் உவப்பானது. குறளில் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் மயிற்பீலியையும் வண்டி அச்சையும் வைத்து வள்ளுவர் சொன்ன உவமை உடனே நினைவுக்கு வந்துவிடும். ஆனால் உவமை பொருந்துகிறது என்பதற்காக உண்மையை அதற்குள் அடைத்துவிடலாகாது.

விசாரணைக் குழு கண்ட உண்மை வேறு. ஒரு கட்டடம் இருவகைச் சுமைகளைத் தாங்குகிறது. மனிதரும் தட்டுமுட்டுப் பொருள்களும் ஏற்றும் சுமை ஒன்று. கற்காரை, சுவர், தளம், உத்திரம் ஆகியவற்றின் சொந்த எடை மற்றொன்று. இதனை நிலைச்சுமை என்பர். லியன் யாக் கட்டடத்தின் கணக்கில் இந்த நிலைச்சுமையே விடுபட்டிருந்தது! அதாவது, பீலிகளை எண்ணியவர்கள் வண்டியின் எடையையே எண்ணவில்லை. பின்னால் ஏற்றியவை இல்லாதிருப்பினும் அத்தூண்களுக்கு நெடுநாள் வாழ்வு இல்லை. கட்டி முடித்த அன்றே அது விழத் தொடங்கிவிட்டது எனலாம்.

கூட்டல் தவறுவது மனித இயல்பு. அத்தவற்றைக் கண்டுபிடிக்க வேறொருவர் அக்கணக்கைப் பார்க்கவில்லை என்பதே நிருவாகக் குற்றம். தகுதி பெற்ற பொறியாளர் செய்ய வேண்டிய கணக்கை வரைவாளர் ஒருவர் செய்தார். அது அப்படியே வரைபடமாகி, தூணாகி, ஆறு மாடியாயிற்று. இடிவதற்குமுன் தூண்களில் விரிசல்கள் தோன்றின. அவற்றைக் கண்டவர்களும் இருந்தனர். கண்டதைக் கேட்டு, ‘எல்லாரும் வெளியேறுங்கள்’ என்று சொல்லும் அதிகாரமும் அறிவும் ஒருங்கே பெற்றவர்தாம் அங்கு எவரும் இல்லை.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது, இதே நகரில் நூறாண்டுக்கு முற்பட்ட ஒரு பணி. செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தை 1856இல் தொடங்கி எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சென்னை மாகாணத்தார் அவர்களுள் பலர். இப்போது கடைகள் நெருங்கிக் கிடக்கும் சிராங்கூன் சாலைப் பக்கத்திலும் அவர்கள் செங்கல் அறுத்துச் சுட்டனர். சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் கூட்டி, தேங்காய்மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசிய அச்சுவரின் மெருகைப் புகழாதார் இல்லை. நான் புகழ்வது மெருகையன்று. மெக்பர்சன் வகுத்த திட்டப்படி எழ வேண்டிய கனத்த கோபுரத்தை அடித்தளம் தாங்காது என்று கண்டபோது, மெக்நேர் அதனைக் கைவிட்டு, எடை குறைந்த கூர்முடியாக மாற்றினார். வகுத்த திட்டம் பாதியில் மாறியது. கட்டடம் நின்றது, இன்றும் நிற்கிறது. விலங்கு பூண்டவர்களின் உழைப்பால் எழுந்தது என்னும் துயரம் அதன் அழகால் மறையாது. ஆயினும் அங்கே சொந்தச் சுமையை எண்ணிப் பார்த்த ஒருவர் இருந்தார்.

1986இன் படிப்பினை வீண்போகவில்லை. 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வரைந்தவரோடு தொடர்பில்லாத அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் கணக்கைத் தனியே ஆராய வேண்டும். குடியிருப்புகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும் ஏனையவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும். இது பாராட்டத்தக்க ஏற்பாடு.

ஆயினும் 2004 ஏப்ரல் 20ஆம் நாள், சிராங்கூனுக்கு அணித்தான நிக்கல் நெடுஞ்சாலையில் ரயில் தடத்திற்கெனத் தோண்டிய ஆழ்குழி சரிந்து நால்வரை விழுங்கிற்று. அங்கே கணக்குப் பார்க்கப் பலர் இருந்தனர், கருவிகள் இருந்தன, அவை காட்டிய அளவுகளும் இருந்தன. மண்ணைத் தாங்கி நின்ற தற்காலிகச் சுவரும் அதனை முட்டுக் கொடுத்த இரும்புச் சட்டங்கள் கூடும் இணைப்புகளும் போதிய வலிமையின்றி வகுக்கப்பட்டிருந்தன. தற்காலிகம்தானே என்னும் எண்ணம் எத்துணைக் கேடானது! நிரந்தரப் பணிக்குரிய கண்டிப்பு தற்காலிகப் பணிக்கும் வேண்டும் என்று விசாரணைக் குழு பின்னர்ப் பரிந்துரைத்தது.

அந்நாளில் என் உள்ளத்தை உறுத்துவது ஒன்று உண்டு. காலையிலேயே இரும்பு முனகும் ஓசை குழிக்குள் கேட்டது. சட்டங்கள் நெளிவதும் தெரிந்தது. சரிந்ததோ பிற்பகல் 3.30 மணியளவில். இடையில் பல மணி நேரம் இருந்தது. தம்மோடு உழைத்தவர்களை மேலே ஏற்றி அனுப்பிய மேற்பார்வையாளர் ஒருவர் தாம் மண்ணுக்குள் போனார். அவர் உடல் கிடைக்கவேயில்லை.

ஓசையை முதலில் கேட்பவன் குழியில் நிற்பவன். சிங்கப்பூரின் குழிகளில் நிற்போருள் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர் மிகப் பலர். ஞாயிறு மாலை சிராங்கூனில் நின்று பார்ப்பவர்க்கு இது சொல்லத் தேவையில்லை. அவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் அளிக்கப்படுகிறது. அது மேலிருந்து கீழே வரும் சொல். கீழிருந்து மேலே செல்லும் சொல்லை யார் பயிற்றுவது?

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் பின்வரிசையில் அமர்ந்து கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. புகழுரைக்கு அங்கே மதிப்பில்லை. எந்த நிமிடத்தில் எந்த மாணவன் கவனம் இழந்தான் என்றே எழுத வேண்டும். அவ்வகை எழுத்தை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோமா? ‘நான் ஒரு குடை’, ‘நான் ஒரு நாணயம்’ என்று தலைமுறை தலைமுறையாக எழுதச் சொல்லுகிறோம். என் பள்ளியின் ஆறாம் வகுப்பிற்கு இவ்வாண்டு வேறொரு தலைப்பைக் கொடுத்திருக்கிறேன்: பள்ளிக் கட்டடத்தில் நீ கண்ட ஒரு விரிசல், அதன் இடம், நீளம், கண்ட நாள், யாரிடம் சொன்னாய், அவர் என்ன செய்தார். பத்து வரிகளுக்கு மேற்படலாகாது, உவமை கூடாது.