வடிவும் வடிவின்மையும்: புரூஸ் லீயின் ஜீத் குன் டோ குறித்து ஒரு மதிப்பீடு

ஒரு தற்காப்புக் கலை என்பது வரையறுக்கப்பட்ட அசைவுகளின் தொகுதியா, அன்றி அவ்வசைவுகளுக்கு அப்பாற்பட்ட ஒரு தத்துவமா என்னும் வினா, கீழைத்தேயப் போர்க்கலைகள் அனைத்தையும் பற்றி எழுப்பத்தக்கதே. ஆயினும் புரூஸ் லீ 1967-இல் ஜீத் குன் டோ எனப் பெயரிட்ட முறையைப் பொறுத்தவரை அது ஏட்டளவிலான ஐயமாக நின்றுவிடவில்லை. 1973 ஜூலை 20-இல் அவர் தம் முப்பத்திரண்டாம் வயதில் ஹாங்காங்கில் காலமான பின்னர், அவரிடம் நேரில் பயின்றவர்களையே அது இரு அணிகளாகப் பிரித்தது. லீ எதைச் செய்தாரோ, எதைக் கற்பித்தாரோ அதுவே ஜீத் குன் டோ. அதனுடன் கூட்டவும் குறைக்கவும் எவருக்கும் உரிமையில்லை என்பர் ஓர் அணியினர். லீ காட்டிச் சென்றது ஒரு தேடல் முறையை மட்டுமே. பயனுள்ளது எங்கிருந்து வரினும் ஏற்பதே அவர் வழி என்பர் மற்றவர். அவருடைய முதன்மை மாணாக்கருள் ஒருவரான டான் இனோசாந்தோ, பிலிப்பைன்ஸின் கோற்சண்டையையும் தாய்லாந்து, பிரெஞ்சு முறைகளையும் தம் பயிற்சியில் சேர்த்துக் கற்பித்தமை பின்னவர்க்கு முன்மாதிரி ஆயிற்று. முன்னவர்களின் மனப்போக்கை 1996-இல் உருவான 'ஜுன் ஃபான் ஜீத் குன் டோ நியூக்ளியஸ்' என்னும் அமைப்பு பெரிதும் பிரதிபலித்தது. ஜுன் ஃபான் என்பது லீயின் சீனப் பெயர்.

இவர்களுள் எவர் சிறந்த சண்டையாளர் என்பதை நாம் இங்கு ஆராய முற்படவில்லை. இருசாராரும் சான்றாக ஏந்தி நிற்கும் நூல் எத்தகையது என்பதே நம் கேள்வி.

'தாவோ ஆஃப் ஜீத் குன் டோ' 1975-இல், அதாவது லீ மறைந்து இரண்டாண்டுகள் கழித்து வெளிவந்தது. 1970-இல் பளு தூக்கும் பயிற்சியின்போது முதுகில் ஏற்பட்ட காயம் அவரை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தியது. அக்காலத்தில் அவர் எழுதிக் குவித்த குறிப்புகள் இந்நூலின் பெரும்பகுதியாக அமைந்தன. அவற்றை நூலாக்க எண்ணியவர், பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். அவர் மறைவுக்குப் பின் துணைவியார் லிண்டாவின் இசைவுடன் கில்பர்ட் ஜான்சன் என்பவர் அவற்றைத் தொகுத்து ஒழுங்கமைத்தார். ஆகவே இயல்களின் வகுப்பும் வரிசையும் பதிப்பாசிரியருடையவை. இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அக்குறிப்புகளுட் பல, லீ தாம் படித்த நூல்களிலிருந்து தமக்கெனப் பெயர்த்தெழுதிக்கொண்டவை. வாள்வீச்சு பற்றி ஆல்டோ நாடி எழுதியது, குத்துச்சண்டை பற்றி எட்வின் ஹேஸ்லெட் எழுதியது, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் உரைகள் எனப் பலவற்றின் வரிகள் அவற்றில் கலந்துள்ளன. படிப்பவர் தம் குறிப்பேட்டில் பிறர் வரிகளை எழுதிக்கொள்வது குற்றமன்று, நாமும் செய்வதே. ஆனால் மூலம் சுட்டாது அச்சேறியபோது, அவை அனைத்தும் லீயின் திருவாய்மொழிகளாயின. ஒரு கூற்று எவரிடமிருந்து எவர் வழியாக வந்தது என வினவிய பின்னரே அதனை ஏற்கும் மரபில் வந்த நம் வாசகர்களுக்கு இக்குறையின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

இனி, நூலின் உள்ளே செல்வோம். தொடக்கப் பக்கங்கள் ஜென் பௌத்தத்தின் சாயலில் வடிவின்மையைப் போற்றுகின்றன. பாணிகள் மனிதரைப் பிரிக்கின்றன, பற்றின்றி எதிராளிக்கேற்ப இயங்குக என்னும் கருத்துகள் மீள மீள வருகின்றன. மேற்கோளாக எங்கும் பரவியிருப்பவை பெரும்பாலும் இப்பகுதியினவே. ஆனால் கருவிகள், ஆயத்தங்கள், இயக்கம், தாக்குதல் எனப் பொருள்படும் தலைப்புகளையுடைய அடுத்த இயல்களைப் புரட்டினால் வேறோர் உலகம் விரிகின்றது. பின்னங்காலின் குதிகால் எவ்வாறு உயர்ந்திருக்க வேண்டும், உடற்பாரம் இருகால்களிலும் எவ்வாறு பகிரப்பட வேண்டும் என்றெல்லாம் நுணுகி நுணுகிச் சொல்லப்படுகின்றன. குத்துச்சண்டையாளர் வலிமை குறைந்த கையை முன்னிறுத்துவது வழக்கம். லீயோ வாள்வீச்சாளரைப் போன்று வலக்கைப் பழக்கமுடையவரை வலக்கை முன்னதாக நிற்கச் சொல்கிறார். தாக்குதலும் நேரடித் தனித்தாக்கு, தொடர் தாக்கு, போக்குக் காட்டி நெருங்கும் தாக்கு, கையை முடக்கித் தாக்கல், எதிராளியை வரவழைத்துத் தாக்கல் என ஐவகையாக வகுக்கப்படுகின்றது. இதனை வடிவின்மை என எவ்வாறு கூறுவது? இது இலக்கணம். அதுவும் மிகக் கண்டிப்பான இலக்கணம்.

பெயரே இதற்குச் சான்று பகர்கின்றது. ஜீத் குன் டோ என்றால் இடைமறிக்கும் முட்டியின் வழி என்பது பொருள். எதிராளியின் தாக்குதல் முற்றுப்பெறுமுன் அதனை இடையில் சந்தித்து அடிக்கும் வாள்வீச்சு உத்தியே அதன் கரு. ஒரு தத்துவத்தின் பெயரன்று, ஓர் உத்தியின் பெயர். அப்பெயரை இட்டதற்காக லீ பின்னர் வருந்தினார் என்பதும் உண்மையே. 1970-இன் தொடக்கத்தில் தம் பயிற்சிக் கூடங்களையும் அவர் மூடிவிட்டார். பாடத்திட்டத்தையே முடிந்த உண்மையாக மாணாக்கர் எடுத்துக்கொள்வர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். தத்துவ அணியினர் இதனைத் தமக்குச் சாதகமாகக் காட்டுவர். நமக்கோ இது வேறொன்றை உணர்த்துகின்றது: கற்பித்தல் என்று வந்துவிட்டால் வடிவத்தைத் தவிர்க்க இயலாது என்பதை அவரே அறிந்திருந்தார்.

லீயின் வடிவ மறுப்பு எங்கிருந்து பிறந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். பதின்பருவத்தில் ஹாங்காங்கில் இப் மானின் பள்ளியில் விங் சுன் பயின்ற அவர், 1959-இல் அமெரிக்கா சென்றார். 1964-இன் இறுதியில் ஓக்லாந்தில் வோங் ஜாக் மேன் என்பவருடன் மோதினார். அம்மோதலின் காலவளவையும் முடிவையும் பற்றிச் சாட்சிகள் முரண்படுகின்றனர். ஆயின் அதன்பின் அவர் தம் மூச்சு வாங்கியதையும், தாம் கற்ற முறை ஓடும் எதிராளியைத் துரத்த உதவாமையையும் எண்ணி மனம் நொந்தார். பயிற்சியையே மாற்றினார். அவர் விங் சுன்னை விமர்சித்தது அதனை உடலில் ஏற்றிப் பல்லாண்டு உழைத்த பின்னரேயாகும். கிருஷ்ணமூர்த்தியின் சொற்கள் பின்னர் வந்து அவ்வனுபவத்திற்கு மொழி தந்தன. சென்னை அடையாற்றில் வளர்க்கப்பட்டு, தம்மைத் தலைவராகக் கொண்டு அமைந்த இயக்கத்தை 1929-இல் தாமே கலைத்த அம்மனிதரின் குரலில், தம் பள்ளிகளை மூடிய லீக்குத் தம் எதிரொலி கேட்டிருக்கக்கூடும். மொழி இரவல், அனுபவம் சொந்தம். பின்வந்தோரிற் பலர் அனுபவத்தை விட்டுவிட்டு இரவல் மொழியை மட்டும் எடுத்துக்கொண்டனர் என்பதே நம் குற்றச்சாட்டு.

லீ தம் கருத்தைச் சொல்லால் அன்றிக் காட்சியால் உணர்த்த முயன்ற இடம் 'கேம் ஆஃப் டெத்'. 1972-இல் அவர் இயக்கிப் படமாக்கிய பகுதிகளில், ஒரு கோபுரத்தின் ஒவ்வொரு தளத்தையும் ஒரு முறையின் வல்லுநர் காக்கிறார். இனோசாந்தோவின் கோல்களை மெல்லிய மூங்கிற் பிரம்பால் லீ எதிர்கொள்கிறார். அடுத்து ஹாப்கிடோ வல்லுநர் ஜி ஹான் ஜே. உச்சித்தளத்தில் நிற்பவர் கரீம் அப்துல் ஜப்பார். கூடைப்பந்து உலகின் பெருவீரரான அவர், இஸ்லாத்தைத் தழுவியபின் 1971-இல் இப்பெயரை வெளிப்படையாகச் சூடிக்கொண்டவர், லீயின் மாணாக்கர். ஏறத்தாழ 218 சென்டிமீட்டர் உயரமுடைய அவருக்கு எந்தப் பள்ளியின் அடையாளமும் இல்லை. முன்னிரு தளங்களிலும் வென்ற உத்திகள் இங்கு பயன்படவில்லை. லீ உதைத்தால் கால் எட்டவில்லை. இறுதியில், அவ்வீரரின் கண்கள் ஒளியைத் தாங்கமாட்டா எனக் கண்டு, சாளரங்களைக் கிழித்து வெயிலை உள்ளே விடுகிறார் லீ. நூலின் முன்பக்கங்கள் அனைத்தையும்விட இக்காட்சி தெளிவானது என்பது நம் துணிபு. ஏனெனில் இங்கு சுதந்திரம் என்பது வெறுங்கூற்றன்று. கற்ற வடிவம் முழுவதும் முயலப்பட்டு, தோல்வியின் விளிம்பிற்குச் சென்ற பின் எழும் கண்டுபிடிப்பு அது.

அப்படத்திற்கு நேர்ந்த கதியும் நூலின் கதியை ஒத்ததே. லீ மறைந்தபின் மாற்று நடிகர்களைக் கொண்டும் வேறு கதையைப் புனைந்தும் 1978-இல் அது திரைக்கு வந்தது. அவர் படமாக்கிய பகுதிகள் விரிவாக வெளிப்பட 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எப்பள்ளியின் சீருடையும் அல்லாத மஞ்சள் உடையொன்றை அதில் அவர் அணிந்திருந்தார். இன்று அதுவே அவருடைய சீருடையாகக் கடைகளில் விற்கப்படுகின்றது!

நம் நிலைப்பாட்டைக் கூறிவிடுவோம். ஜீத் குன் டோ ஒரு பாணியே. ஒரு மனிதர் தம் உடலுக்கும் விரைவுக்கும் ஏற்பச் சமைத்துக்கொண்ட குறுகிய, கூரிய பாணி. தத்துவம் அதன் உள்ளடக்கமன்று. அதனைத் திருத்திக்கொள்வதற்கான விதி. இவ்வகையில் நாம் வடிவ அணியினர் பக்கமே சாய்கிறோம். இன்ன நிலையில் நில், இன்னவாறு அடி என ஒருவர் சொன்னால், களத்தில் சோதித்து அதனைப் பிழையென நிறுவ இயலும். எதுவும் ஏற்கத்தக்கது என்பாரிடம் பிழை காணவே இயலாது. அந்நிலையில் ஒரு தனிப்பெயரும் தேவையற்றதாகிவிடும். எனினும் வடிவ அணியினரிடமும் ஒரு வினா உண்டு. சியாட்டிலில் லீ கற்பித்தது விங் சுன்னுக்கு நெருக்கமானது. லாஸ் ஏஞ்சலிஸில் கற்பித்தது குத்துச்சண்டைக்கும் வாள்வீச்சுக்கும் நெருக்கமானது. இவற்றுள் எவ்வாண்டின் லீயை அவர்கள் மூலமெனக் கொள்வர்? நமக்குத் தெரிந்தவரை இவ்வினாவிற்கு நிறைவான விடை கிடைத்ததில்லை.

நூலைப் புதிதாகக் கையிலெடுக்கும் வாசகருக்கு ஒரு பரிந்துரை. முன்பக்கங்களை இப்போதைக்கு விட்டுவிட்டுக் 'கருவிகள்' இயலிலிருந்து தொடங்குங்கள். அதில் வரையப்பட்டுள்ள நிலையில் ஒரு சில நிமிடங்களேனும் நின்று பாருங்கள். முன்பக்கங்களுக்குப் பின்னர்த் திரும்பலாம்.