எழுதினால் புகழ், பூசினால் பழி

அச்சன்புதூர்ப் பக்கத்தில் சித்திரம் என்றதும் நினைவுக்கு வருவது குற்றாலம்தான். நடராசரின் ஐந்து சபைகளில் மற்ற நான்கும் பொன், வெள்ளி, தாமிரம், இரத்தினம் என்று பெயர் பெற்றிருக்க, குற்றாலத்துக்கு வாய்த்தது சித்திர சபை. நடராசர் அங்கே சுவரோவியமாகவே இருந்து பூசை கொள்கிறார். ஓவியத்தைக் கும்பிடும் இந்த மண்ணில் வண்ணமும் பூச்சும் பேச்சுவழக்கில் எப்படிப் புழங்குகின்றன என்று தொகுத்துப் பார்த்தால் ஒரு கணக்குப் பிடிபடுகிறது. தமிழில் எழுதுவது பெருமை. பூசுவது பெரும்பாலும் சந்தேகம்.

பரிபாடலின் 19-ஆம் பாட்டு திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைக் காட்டுகிறது. சித்திரம் அன்று முதல் எழுதப்படும் பொருள்தான். கண்ணுக்கு மையும் அப்படியே. ‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது உடம்பைப் பேணச் சொல்லும் பழமொழி. இதைச் சொன்னவர் வேலை தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். காரையில் உப்புப் பூத்துப் பொருக்கு விட்டால், மேலே எழுதிய தெய்வமும் சேர்ந்தே உதிரும்.

பூச்சுக்கு இந்த மரியாதை கிடையாது. குற்றத்தை மழுப்பினால் பூசி மெழுகுவது. “சும்மா பூசி மொழுகாதீரும்” என்று நெல்லைச் சீமையில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்கள். அவமானப்படுத்தினால் முகத்தில் கரி பூசுவது. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவது அந்நாள் ஊர்த் தண்டனை. இன்று அது வசவாக மிஞ்சியிருக்கிறது.

சாயத்தின் கதையும் இதுதான். சாயவேரின் சிவப்புத் துணியில் நிற்கப் படிகாரம் வேண்டும். அது இல்லாவிட்டால் சில சலவையிலேயே வெளுத்துவிடும். வேடதாரி அகப்பட்டால் ‘சாயம் வெளுத்துப்போச்சு’ என்பதற்குப் பின்னால் இந்தத் தொழிலறிவு இருக்கிறது. அரசியல் மேடை அதைத் திருப்பிப் போட்டுச் சாதிச் சாயம், மதச் சாயம் என்று பிறர்மேல் பூசுகிறது.

சுண்ணாம்பில்தான் தமிழும் ஆங்கிலமும் முட்டிக்கொள்கின்றன. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது நமக்கு மங்கலம். ஆங்கிலத்திலோ வெள்ளையடிப்பது குற்றத்தை மறைப்பது. அந்தப் பொருள் இப்போது நம் தலையங்கங்களிலும் புகுந்துவிட்டது. கிரிக்கெட் தொடரை முழுதாகத் தோற்றால் விளையாட்டுப் பக்கம் ‘ஒயிட்வாஷ்’ என்றே அச்சிடுகிறது. சுண்ணாம்பைப் பழிக்க நமக்குச் சொந்தமாகவே ஒரு தொடர் உண்டு: ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. நீறிய சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்னவாகும் என்று தெரிந்த சமூகத்தின் தொடர் இது.

விதிவிலக்கும் உண்டு. ஒல்லியாகவும் இல்லாமல் பருமனாகவும் இல்லாமல் இருந்தால் ‘பூசினாப்புல உடம்பு’ என்பது பாராட்டு. மேற்பூச்சு காப்பாற்றிய கதையும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். எல்லாக் கோயில்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. திருப்பணியின்போது அடித்த வெள்ளையில் மறைந்துபோன சுவரோவியங்கள் தமிழகத்தில் பல.

இந்தத் தொடர்களைப் பெற்றெடுத்தவர்கள் புலவர்கள் மட்டுமல்லர். கொத்தனார்கள், சாயக்காரர்கள், கூத்துக்காரர்கள். டிஸ்டம்பரும் எமல்ஷனும் வந்தபின் சுண்ணாம்பு நீற்றத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். கடையநல்லூர் நெசவுத் தெருக்களிலும் தென்காசிக் கொத்தனார்களிடமும் புழங்கும் சொற்களை, அவை என்ன வேலையைக் குறிக்கின்றன என்ற விளக்கத்தோடு, தமிழ்த்துறை மாணவர்கள் இப்போதே பதிவு செய்ய வேண்டும். தொழில் போனபின் தொடர் மட்டும் இருந்தால், பொருள் சொல்ல ஆளிருக்காது.