இரத்தமும் சாட்சியும்: பிரெஞ்சு மொழித் திகில் படங்கள் பற்றி ஒரு திறனாய்வு

திகில் படங்களைக் குறித்துத் திருச்சபை வட்டாரங்களில் இருவகைப் பேச்சையே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். அவை சாத்தானின் கருவிகள், விசுவாசிகள் ஏறெடுத்தும் பார்க்கலாகாது என்பது ஒன்று. அவை வெறும் பொழுதுபோக்குக் குப்பை, இறையியலார் நேரம் செலவிடத் தக்கவை அல்ல என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவைபோல் தோன்றினும், படத்தைப் பாராமலே தீர்ப்புரைப்பதில் ஒத்தவை.

திருப்பூரிலும் பல்லடம், அவிநாசி, காங்கயம் பகுதிகளிலும் ஊழியம் செய்வோர் ஒன்றை அறிவர். பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் உழைத்து, விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் இளைஞரும் இளம்பெண்களும் ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் காண்பவற்றுள் பேய்ப்படங்களுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்ப் படங்கள் மட்டுமன்றி, மொழிமாற்றம் பெற்றும் வசன வரிகளோடும் வரும் அயல்நாட்டுப் படங்களும் இன்று அவர்கள் கைக்கு எட்டுகின்றன. இறையியல் மாணாக்கரும் அவற்றைப் பார்க்கின்றனர்; பார்த்தபின் வினாக்களோடு வருகின்றனர். அவ்வினாக்களை மதித்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இங்கு எடுத்துக்கொண்ட படங்களுள் சில, வயதுவந்தோருக்கும் தாங்க அரிய வன்கொடுமைக் காட்சிகள் நிறைந்தவை. அவற்றைச் சபையார்க்குப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. அவற்றின் முன் ஒரேயொரு வினாவை வைப்போம்: துன்புறும் உடலைக் காட்டும் படம், அத்துன்பத்துக்குப் பொருள் சொல்லும் உரிமையை யாருக்கு அளிக்கிறது?

பேயும் உடலும்

திகில் படத்தின் வரலாற்றில் பிரெஞ்சு மொழிக்கு மூத்த இடம் உண்டு. ஜார்ஜ் மெலியே 1896இல் எடுத்த 'பிசாசின் மாளிகை' என்னும் சில நிமிடப் படத்தையே உலகின் முதல் திகில் படமாகப் பலர் கொள்வர். 1960இல் ஜார்ஜ் பிரான்ஜு 'முகமற்ற கண்கள்' என்னும் படத்தை இயக்கினார். தான் விளைவித்த விபத்தில் முகம் சிதைந்த மகளுக்காக, ஒரு புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வேறு இளம்பெண்களைக் கவர்ந்து அவர்கள் முகத்தோலை உரித்தெடுக்கும் கதை அது. தன் குற்றத்துக்குப் பிறர் உடலைப் பரிகாரமாக்கும் கல்விமான் ஒருவர் அன்றே அத்திரையில் தோன்றிவிட்டார்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், உடற்கொடுமையை மறைப்பின்றிக் காட்டும் படங்கள் பிரான்சில் பெருகின. ஜேம்ஸ் குவாண்ட் என்னும் விமர்சகர் 2004இல் அவற்றுக்குப் 'புதிய பிரெஞ்சுத் தீவிரம்' என்று பெயரிட்டார். பாராட்டாக அன்று, கண்டனமாகவே. ஆயினும் அப்பெயர் நிலைத்துவிட்டது. இம்மரபின் வழிவந்த ஜூலியா துக்குர்னோவின் 'தித்தான்' 2021இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதையே பெற்றது. ஒதுக்குப்புறத்தில் இருந்த வகை நடுமேடைக்கு வந்ததற்கு இதுவே சான்று.

நம் தமிழ்ப் பேய்ப்படங்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) போன்றவற்றில் பேய் என்பது அநியாயமாகச் செத்த ஒருவர். அவர் ஏன் வந்தார் என்னும் முன்கதை படத்தின் நடுவே வந்தே தீரும். நிலத்தைப் பறித்தவன் யார், கொன்றவன் யார் என்பது வெளியாகும். மதுரைவீரன், காத்தவராயன் போலக் கொலையுண்டவர்களைத் தெய்வமாக வைத்துக் கதை பாடும் நாட்டார் மரபின் தொடர்ச்சி இது. இத்தகைய படத்தில் பேய் ஒரு வாதி. படம் ஒரு நீதிமன்றம். மலினமான நகைச்சுவை எவ்வளவு கலந்திருப்பினும், செத்தவருக்கு ஒரு முறையாவது பேச இடம் கிடைத்துவிடுகிறது. மிஷ்கினின் 'பிசாசு' (2014) இம்மரபையே திருப்பிப் போட்டு, தன் சாவுக்குக் காரணமானவனைப் பழிவாங்காத ஆவி ஒன்றைக் காட்டியது. அங்கும் இறந்தவளின் மனமே கதையை நடத்துகிறது.

அண்மைக்காலப் பிரெஞ்சுத் திகில் படங்களுள் பெரும்பாலானவற்றில் பேய் இல்லை. விதிவிலக்குகள் உண்டெனினும், பொதுவாக அங்கு எஞ்சியிருப்பது உடல் ஒன்றே. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசும் சமயமும் பிரிக்கப்பட்டு, மறுமையைப் பற்றிப் பொதுமேடையில் பேசுவது அருகிப்போன ஒரு சமுதாயத்தில், செத்தவர் திரும்பிவந்து முறையிட மன்றமில்லை போலும். ஆகவே உயிரோடிருக்கையிலேயே உடலைப் பிளந்து, உண்மை உள்ளே இருக்கிறதா எனத் தேடுகின்றன இப்படங்கள்.

சாட்சி இல்லாத இரத்தம்

இத்தேடலை அதன் எல்லைவரை கொண்டுசென்ற படம் பாஸ்கல் லோஜியே 2008இல் இயக்கிய 'மார்ட்டிர்ஸ்'. பிரான்சில் முதலில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பார்க்கத் தடை விதிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அவ்வயது 16ஆகக் குறைக்கப்பட்டது. தலைப்பே நம்மை நிறுத்துகிறது. 'மார்ட்டிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் 'சாட்சி' என்பதே பொருள். படமும் தன் இறுதியில் இதை எழுத்தில் காட்டுகிறது. தமிழ்க் கிறிஸ்தவர் 'இரத்தசாட்சி' என்று இரண்டையும் பிணைத்தே சொல்வர். இப்படமோ இரத்தத்தை வைத்துக்கொண்டு சாட்சியைத் தேடுகிறது.

கதை இது. சிறுமியாய் இருந்தபோது அடைத்துவைத்துச் சித்திரவதை செய்யப்பட்டுத் தப்பிய லூசி, 15 ஆண்டுகளுக்குப்பின் தன்னை வதைத்தவர்கள் எனத் தான் நம்பும் குடும்பத்தைத் தேடிச்சென்று கொல்கிறாள். அவள் தோழி ஆன்னா அவ்வீட்டின் அடித்தளத்தில் ஓர் இரகசியக் குழுவின் கையில் சிக்குகிறாள். முதியோரும் செல்வருமான அக்குழுவினர், மரணத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றறிய இளம்பெண்களை வதைக்கின்றனர். வேதனையின் உச்சியில் ஒருத்தி மறுமையைக் காண்பாள், கண்டதைச் சொல்வாள் என்பது அவர்கள் கோட்பாடு. 'மதுமுவாசெல்' என அழைக்கப்படும் அவர்கள் தலைவி, துன்பத்தில் நொறுங்குவோர் வெறும் பலியாட்கள், அதைக் கடப்போரே சாட்சிகள் எனப் பாகுபாடு செய்கிறாள். இறுதியில் ஆன்னா எதையோ அவள் காதில் முணுமுணுக்கிறாள். அதைக் கேட்கப் பெருந்திரளாய்க் கூடிய குழுவினரிடம் எதுவும் சொல்லாமல் தலைவி தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறாள்.

இதை நாத்திகப் படம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. நம் கருத்து வேறு. அக்குழுவினர் பேசுவது இறையியல் மொழி. துன்பம் மேன்மைப்படுத்தும், வேதனை கண்களைத் திறக்கும், பாடுபடுவோரில் சிலரே தெரிந்தெடுக்கப்பட்டவர் என்பவை அவர்களுடைய போதனைகள். இவற்றைச் சொல்வோர் எவரும் அத்துன்பத்தை அனுபவிப்பவர் அல்லர் என்பதே படத்தின் கூர்மை. ஒருத்தியின் வேதனைக்கு வேறொருவர் பொருள் சொல்கிறார். அப்பொருளின் பயனையும் தாமே அடைய விரும்புகிறார்.

ஸ்தேவானின் மரணத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அப்போஸ்தலர் 7ஆம் அதிகாரத்தில் அவரும் வானம் திறந்திருக்கக் காண்கிறார். ஆனால் கல்லெறி விழுமுன்பே காண்கிறார். காண்பதைத் தம் வாயாலேயே உரக்கச் சொல்கிறார். கேட்டவர்களோ காதுகளை அடைத்துக்கொள்கின்றனர். அங்கே கற்கள் சாட்சியை உண்டாக்கவில்லை. சொல்லிய சாட்சிக்காகவே கற்கள் வந்தன. 'மார்ட்டிர்ஸ்' காட்டும் குழு இவ்வரிசையைத் தலைகீழாக்கி, இரத்தத்திலிருந்து சாட்சியைப் பிழிந்தெடுக்க முயல்கிறது. அது கிட்டாது என்பதை முடிவு காட்டுகிறது.

எனினும் படத்தை முற்றும் விடுவிக்க நம்மால் இயலவில்லை. ஆன்னா என்ன சொன்னாள் என்றறியத் துடிக்கும் நாமும் அக்கூடத்தில் அமர்ந்த முதியோரோடு அமர்ந்திருக்கிறோம். அதை நமக்குச் சொல்ல மறுப்பது இயக்குநரின் நேர்மை. ஆனால் அந்த மறுப்பை அடைய அவர் எடுத்துக்கொண்ட வழி, ஒரு பெண் பேச்சிழந்து நைந்துபோவதை நெடுநேரம் காட்டுவதாகும். தான் கண்டிக்கும் பார்வையையே படம் பார்வையாளருக்குப் பயிற்றுவிக்கிறது. இக்குறை சிறிதன்று.

தானே ஊட்டும் இரத்தம்

வதைப்பவர் முகம் தெரியாத திகிலும் உண்டு. ஜுஸ்த் பிலிப்போ இயக்கிய 'லா நுயே' (2020) அத்தகையது. 'திரள்' என்று தமிழில் கூறலாம். கணவனை இழந்த விர்ஜினி, இரு பிள்ளைகளைக் காக்க, உணவுப் பொருளாக விற்பதற்கென வெட்டுக்கிளிகளை வளர்க்கிறாள். வளர்ப்பு செழிக்கவில்லை, கடன் நெருக்குகிறது. வெட்டுக்கிளிகள் இரத்தத்தைச் சுவைத்தால் பெருகுகின்றன என்பதைத் தற்செயலாய்க் கண்டுகொள்கிறாள். முதலில் தன் கையை நீட்டுகிறாள். உற்பத்தி பெருகப் பெருக, கொடுக்கவேண்டிய இரத்தமும் பெருகுகிறது.

யோவேல் தீர்க்கரின் வெட்டுக்கிளிகள் வெளியிலிருந்து வந்து வயலைத் தின்றன. இவையோ வீட்டில் வளர்க்கப்பட்டு வளர்ப்பவளைத் தின்கின்றன. அவளை ஒருவரும் கட்டிவைக்கவில்லை. விலையும் கடனும் மட்டுமே உள்ளன. வீட்டின் முன்பகுதியில் நான்கைந்து தையல் எந்திரங்களை வைத்து, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு ஜாப் ஒர்க் குடும்பங்களை அறிந்தவர்க்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். கப்பலேற்றும் நாள் நெருங்கும்போது ஒன்றரை ஷிப்ட் இரண்டாகிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று அவர்களே சொல்வர். 'தியாகம்' என்னும் சொல்லை மேடையில் எளிதாய் வழங்குவோர், விர்ஜினி தன் கட்டுகளை மறைத்துப் பிள்ளைகளோடு உணவுக்கு அமரும் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூலி கேட்டு வந்தவர்கள்

மூன்றாவது படத்தை இவ்வரிசையில் சேர்ப்பதற்குத் தடை எழலாம். மாத்தி தியோப் இயக்கி 2019இல் கான் விழாவின் இரண்டாம் உயரிய விருதைப் பெற்ற 'அத்லாந்திக்', பிரான்சின் கூட்டுத் தயாரிப்பாயினும் பெரும்பாலும் செனகல் நாட்டின் ஒலோஃப் மொழியில் பேசுகிறது. பிரெஞ்சுத் திரையுலகம் தன் பழைய குடியேற்ற நாட்டின் குரலைக் கேட்டபோது பேய் திரும்பிவந்தது என்பதனாலேயே இதைச் சேர்க்கிறோம்.

தக்கார் நகரில் வானளாவிய கோபுரம் ஒன்றைக் கட்டும் தொழிலாளருக்குப் பல மாதச் சம்பளம் தரப்படவில்லை. அவர்கள் ஸ்பெயினை நோக்கிப் படகேறுகின்றனர், கடலில் மடிகின்றனர். பின்னர் இரவுதோறும் அவர்களுடைய ஆவிகள் ஊரிலுள்ள இளம்பெண்களுக்குள் புகுந்து, முதலாளியின் வீட்டுக்குச் சென்று, வரவேண்டிய கூலியைக் கேட்கின்றன. பணத்தை வாங்கியபின் தங்களுக்குக் குழிவெட்டவும் அவனையே ஏவுகின்றன.

பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடும் என்பது யாக்கோபு 5:4இன் கருத்து. இப்படம் அவ்வசனத்தின் விரிவுரைபோல் அமைந்துள்ளது. செத்தவர்கள் கேட்பது பழியன்று, கணக்கு. பெண்களின் உடல் இங்கும் பிறருக்குக் கருவியாகிறதே என்னும் மறுப்பு நியாயமானதே. ஆயினும் கதைத்தலைவி அதா இறுதியில் தன் சொற்களாலேயே தன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறாள். 'மார்ட்டிர்ஸ்' தர மறுத்த குரல் இங்கே தரப்படுகிறது. மூன்றனுள் இதுவே கலையிலும் அறத்திலும் நிறைவானது என்பது நம் மதிப்பீடு.

நம் பிரசங்க பீடம்

இனி, வினா நம்மிடம் திரும்புகிறது. இப்பகுதி நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரில், மூன்றாண்டு வேலை முடித்தால் திருமணத்துக்கு உதவும் மொத்தத் தொகை தரப்படும் என்று சொல்லி இளம்பெண்கள் சேர்க்கப்பட்டனர். இடையில் நின்றவர் பலர் அத்தொகையை இழந்ததும், விடுதிகளை விட்டு வெளிச்செல்ல இயலாமல் இருந்ததும் பலமுறை வெளியான செய்திகளே. அத்தகைய பெண்கள் ஆலயத்தில் அமர்ந்திருக்கையில் பீடங்களிலிருந்து அடிக்கடி ஒலிப்பது எது? துன்பம் புடமிடும் அக்கினி, பொறுமையாய்ச் சகித்தால் கிரீடம் உண்டு என்பதே. அப்பொருளை அவர்கள் கேட்டார்களா, அவர்களுடைய துன்பத்துக்கு அதுதான் பொருளா என்று யாரும் வினவுவதில்லை.

பவுல் தம் பாடுகளில் மகிழ்வதாகச் சொன்னது உண்மை. கொலோசெயர் 1:24இல் அவர் பேசுவது தம் சொந்த மாம்சத்தில் பட்டதைக் குறித்தே. கிறிஸ்துவும் தம் ஜீவனை எவரும் பறிக்கவில்லை, தாமே கொடுப்பதாகக் கூறுகிறார். பாடுபட்டவரே தம் பாடுகளுக்குப் பொருள் சொல்லும்போது அது சாட்சி. பாடுபடாத ஒருவர் அதைச் சொல்லும்போது, அவர் யோபுவின் நண்பர் வரிசையில் சேர்கிறார். அந்நண்பர்கள் துன்பத்தைக் குறித்துப் பல நல்ல வாக்கியங்களைச் சொன்னார்கள். இறைவனோ யோபு 42:7இல் அவர்கள்மீதே சினங்கொண்டார். மதுமுவாசெலின் வாக்கியங்கள் பலவும் நல்ல வாக்கியங்களே.

நம் சபைகளில் சாட்சி வேளை என்று ஒன்று உண்டு. நோய் நீங்கியதும் தேர்வில் தேறியதும் அங்கே சொல்லப்படுகின்றன. விரலில் ஊசி ஏறியதும், சனிக்கிழமை சம்பளத்தில் குறைத்துக் கொடுத்ததும், இரவு ஷிப்டில் மயங்கி விழுந்ததும் ஏன் சொல்லப்படுவதில்லை என்று ஆயர்கள் ஆராய வேண்டும். அவ்வேளையில் ஒரு பெண் எழுந்து இவற்றைச் சொல்லும் நாளில், ஆயர் உடனே ஒலிவாங்கியை வாங்கி அதற்கொரு வசனமும் விளக்கமும் சேர்க்காதிருப்பாராக. அவள் சொல்லி முடிக்கும்வரை சபை கேட்கட்டும்; பின்பு என்ன செய்யவேண்டும் என்று அவளிடமே கேட்கட்டும்.