மூக்கில் ஒரு துளி ரத்தம்

2020 ஊரடங்கு நேரம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு டி.வி., நாலு பேர். ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தமோ எலெக்ட்ரிக் ட்ரெயின் சத்தமோ இல்லாத அதிசய ராத்திரிகள் அவை. மகள் ஒரு அமெரிக்க சீரியலைப் போட்டுவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு சின்னப் பெண். அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். எங்கோ இருக்கிற ஒரு ரஷ்யக்காரன் என்ன பேசுகிறான் என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றி கோட்டும் டையுமாகப் பெரிய மனிதர்கள்.

ஈஸி சேரில் இருந்த அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். சீரியல் என்றாலே எழுந்து போய்விடுவார்.

"என்ன இது, மை போட்டுப் பாக்கறாங்களா?"

"ஐயோ தாத்தா, இது சயின்ஸ் ஃபிக்‌ஷன்."

"அதான் சொல்றேன். மை போட்டுப் பாக்கறாங்க."

அவர் அன்றைக்கு எழுந்து போகவில்லை. ஏன் என்று எனக்கு ரெண்டு நாள் கழித்துதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சீரியலின் பெயர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'. 2016ல் நெட்ஃப்ளிக்ஸில் ஆரம்பித்து 2025 கடைசியில் ஐந்தாவது சீசனோடு முடிந்தது. டஃபர் சகோதரர்கள் என்று இரட்டையர்கள் உருவாக்கியது. 1983ல், ஹாக்கின்ஸ் என்கிற கற்பனை ஊரில் கதை தொடங்குகிறது. அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது, நம்பர்தான். கையில் 011 என்று பச்சை குத்தியிருக்கிறார்கள். அதனால் லெவன். நடித்த மில்லி பாபி பிரௌனுக்கு முதல் சீசன் வெளியானபோது 12 வயது. பார்வையாலேயே கதவைச் சாத்துவாள், வேனைத் தூக்கி வீசுவாள், கண்ணை மூடிக்கொண்டு எங்கோ இருக்கிறவர்களைப் பார்ப்பாள்.

இதில் புதுசு எதுவும் இல்லை. ஸ்டீபன் கிங் 1980லேயே 'ஃபயர்ஸ்டார்ட்டர்' நாவலில் பார்வையால் தீ வைக்கிற சிறுமியையும், அவளைத் துரத்துகிற அரசாங்கத்தையும் எழுதிவிட்டார். அமெரிக்க உளவுத்துறை 1953ல் ஆரம்பித்த 'எம்.கே.அல்ட்ரா' என்கிற மனசை வசப்படுத்தும் ஆராய்ச்சி நிஜமாகவே நடந்தது. 1973ல் அதன் ஃபைல்களை அழிக்கச் சொன்னார்கள். 1975ல் விஷயம் வெளியே வந்து நாறியது. அந்த ஆராய்ச்சியில் சிக்கிய ஒருத்தியின் மகள்தான் லெவன் என்று கதையைக் கோர்த்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு தடவை சக்தியைக் காட்டும்போதும் அந்தப் பெண்ணுக்கு மூக்கில் ஒரு துளி ரத்தம் வருகிறது. புறங்கையால் துடைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். கோக் டின் ஒன்றைப் பார்வையால் நசுக்கச் சொல்கிறார் லேபின் பெரிய டாக்டர். அவரை அவள் 'பப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள். நசுக்குகிறாள், ரத்தம் வருகிறது. பப்பா பெருமையாகச் சிரிக்கிறார். இன்னொரு நாள் டின் இருந்த இடத்தில் ஒரு பூனை. அவள் மாட்டேன் என்கிறாள். இழுத்துக்கொண்டு போய் இருட்டு அறையில் அடைக்கிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

இந்த மூக்கு ரத்தம் ஒரு ரசீது மாதிரி. பி.காம். படித்தவனுக்கு இப்படித்தான் தோணும். செலவு ஆன இடத்தில் வவுச்சர் இருக்கிறது. சக்தி சும்மா வரவில்லை, யாரோ பில் கட்டுகிறார்கள், கட்டுவது குழந்தை. எட்டே எபிசோடில் இதைச் சொல்லி முடித்த முதல் சீசன்தான் என் கணக்கில் உருப்படி. பிறகு பேய் பெரிசாகி, ஊர் பெரிசாகி, நாலாவது சீசனின் கடைசி எபிசோடு ரெண்டே கால் மணி நேரத்தைத் தாண்டியது. ரத்தம் அப்போதும் வந்தது. ஆனால் அதற்குள் அது ஒரு ஸ்டைல் ஆகிப்போயிருந்தது, ரஜினி சிகரெட் மாதிரி.

நம்ம ஊரில் இந்த மாதிரி பிள்ளைகள் இல்லையா? நிறைய.

1990களின் கடைசியில் சன் டி.வி.யில் வந்த 'விடாது கருப்பு' ஞாபகம் இருக்கிறதா? கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. இயக்கம் நாகா. கதை, 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜன். அது வருகிற ராத்திரி எங்கள் தெருவில் நாய் மட்டும்தான் நிற்கும். தோட்டக்காரமங்கலம் என்கிற ஊர். அங்கே தப்பு செய்கிறவன் தண்டிக்கப்படுகிறான், கருப்பசாமிதான் என்கிறது ஊர். அந்தக் கால ஊரும் இந்தக் கால ஊரும் மாறி மாறி வரும். பழைய கதையில் ஒரு பையன். கடைசியில் பார்த்தால் அந்தப் பையன் வளர்ந்த மனிதனுக்குள்ளேயே கருப்பு இருக்கிறது, சாமியாக அல்ல, வியாதியாக. ஒரே உடம்பில் இன்னொரு ஆள். சின்ன வயசில் மனசில் விழுந்த அடி, பெரியவனானதும் கருப்பாக எழுந்து வருகிறது.

அந்த முடிவு வந்தபோது காலேஜ் கேன்டீனில் ஏக சண்டை. 'சாமின்னே விட்டிருக்கலாம், இப்படி டாக்டர் விளக்கம் கொடுத்து சப்புனு ஆக்கிட்டாங்க' என்று நானும் கத்தினேன். 18 வயசு, அப்படித்தான் இருக்கும். இப்போது நினைத்தால் அந்த சீரியலின் தைரியமே அந்த இடம்தான். அதுவரை நம் திரையில் ஒரு குழந்தைக்கு சக்தி வந்தால் அது வரம். பேபி ஷாமிலி படங்களில் பாம்பும் குரங்கும் பாதுகாப்புக்கு வரும், நாம் கைதட்டுவோம். இங்கேதான் முதல் தடவையாக ஒருத்தர் குனிந்து, 'இது வரமில்லை, காயம்' என்று காட்டினார்.

அப்புறம் 2004ல் 'மை டியர் பூதம்'. மூசா என்கிற குட்டி பூதமாக அபிலாஷ் நடித்தது. 2007 வரைக்கும் 900 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. அதில் கௌரியாக வந்த சின்னப் பெண் நிவேதா தாமஸ், பிற்பாடு 'பாபநாச'த்தில் கமலுக்கும் 'தர்பா'ரில் ரஜினிக்கும் மகள். மூசாவின் சக்திக்கு பில் கிடையாது. ரத்தமும் இல்லை, தலைவலியும் இல்லை. கிராபிக்ஸைப் பார்த்தால் நமக்குத்தான் தலைவலி. விமர்சகர்கள் யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மூசா எந்தப் பெரியவருக்கும் வேலைக்காரன் இல்லை. அவன் சக்தி முழுக்கப் பசங்கள் பக்கம். எந்த அப்பாவும் தன் பிள்ளையை மூசா ஆக்குகிறேன் என்று ஃபீஸ் கட்டவில்லை.

வேறு ஒன்றுக்குக் கட்டினார்கள்.

2014ல் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் பக்கமெல்லாம் காலைப் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்து விழும். நடுமூளையைத் தூண்டுகிறோம், உங்கள் குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கும். ரெண்டு நாள் வகுப்பு. எங்கள் அடுத்த தெரு நண்பர், அஞ்சாவது படிக்கிற மகனை அப்படி ஒன்றில் சேர்த்தார். 20 ஆயிரம் ரூபாய். வகுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டு, கேசரி கொடுத்து, பையனை நடு ஹாலில் உட்காரவைத்தார். கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டினார்கள். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தார்கள். பையன் அதை மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தான். நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாம் சரி. அவன் பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார்.

நடுமூளை என்பது யாருக்கும் தூங்கிக்கொண்டிருக்கிற சமாசாரம் இல்லை. கண்ணைத் திருப்புவது, சத்தம் வந்த பக்கம் தலை திரும்புவது எல்லாம் அதன் வேலை. நமக்கெல்லாம் பிறந்ததிலிருந்தே ஓவர்டைம் பார்க்கிறது. கண்ணைக் கட்டினால் மூக்கோரம் சின்னதாக ஒரு சந்து இருக்கும், அதுதான் ரகசியம். பி.சி.சர்க்கார் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் சைக்கிள் ஓட்டியபோதும் அதை மேஜிக் என்றுதான் டிக்கெட் போட்டார். மங்களூர் நரேந்திர நாயக் மாதிரி பகுத்தறிவுக்காரர்கள் இந்த நடுமூளை வித்தையை ஊர் ஊராகப் போய் உடைத்துக்காட்டினார்கள். நம் மொழியில் இதற்கு எப்போதோ பெயர் வைத்தாயிற்று. கண்கட்டு வித்தை.

ஸ்டாக்கை நேரில் போய் எண்ணிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த ஆடிட்டிங் வாத்தியாரை நினைத்துக்கொண்டு, பையன் முகவாய்க்குக் கீழே ஒரு வாரப் பத்திரிகையைத் தட்டு மாதிரி பிடித்தேன். நோட்டு அதற்கு அடியில். பையன் மோந்தான், மோந்தான். ஒன்றும் வரவில்லை.

"நீங்க நம்பிக்கையில்லாம உக்காந்திருக்கீங்க சார். அதான் அவனுக்கு வரலை" என்றார் நண்பர்.

சாயந்திரம் மொட்டை மாடியில் பையன் மட்டும் வந்தான். "அங்கிள், மூக்குகிட்ட கொஞ்சம் தெரியும். கிளாஸ்ல எல்லாப் பசங்களும் அப்படித்தான் பாக்கறாங்க. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள். லோன் போட்டுக் கட்டியிருக்காரு."

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். 10 வயசில் அவன் அப்பாவின் கடனுக்கு அசலும் வட்டியும் கட்டிக்கொண்டிருந்தான், பொய்யாக. அவனுக்கும் மூக்குதான். ரத்தம் மட்டும் வெளியே தெரியவில்லை.

லெவன் கதையில் நான் ரசித்த இன்னொரு விஷயம் இங்கே வருகிறது. லேபிலிருந்து ஓடிவந்தவளுக்கு மூன்று பையன்கள் அடைக்கலம் தருகிறார்கள். அவளுக்கு வார்த்தைகளே சரியாகத் தெரியாது. அவர்கள் கற்றுக்கொடுக்கிற முதல் சட்டங்களில் ஒன்று, நண்பர்கள் பொய் சொல்லக்கூடாது என்பது. வேனைத் தூக்கி வீசத் தெரிந்தவளிடம் அதுவரை யாரும் இதைச் சொன்னதில்லை. பெரியவர்களுக்கு அவளிடமிருந்து பதில்தான் வேண்டியிருந்தது.

அப்பாவின் மை விஷயம்.

தெரியாதவர்களுக்கு: வீட்டில் நகை காணாமல் போனால் மைக்காரரைக் கூப்பிடுவார்கள். வெற்றிலையில் மையைத் தடவி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு சின்னப் பிள்ளையை உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். திருடன் அதில் தெரிவான். 1868ல் வில்கி காலின்ஸ் எழுதிய 'மூன்ஸ்டோன்' நாவலிலேயே, காணாமல் போன வைரத்தைத் தேடி லண்டனுக்கு வரும் மூன்று இந்தியர்கள், ஒரு சிறுவனின் உள்ளங்கையில் மையை ஊற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். நம்முடைய பழைய ஏற்றுமதி!

மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். 1957 இருக்கும். அப்பாவுக்கு ஏழு வயசு. பெரியம்மாவின் ரெண்டு பவுன் சங்கிலி காணவில்லை. அப்பாவை உட்காரவைத்துவிட்டார்கள்.

"என்னப்பா தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"என் மூஞ்சி தெரிஞ்சது. பின்னாடி விளக்கு தெரிஞ்சது. வேற என்ன தெரியும்? ஆள் தெரியறானா, ஆள் தெரியறானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தெரியறான்னேன். உயரமான்னு கேட்டாங்க. ஆமான்னேன். தலைப்பாகை இருக்கான்னாங்க. இருக்குன்னேன். எல்லாத்துக்கும் ஆமான்னு சொன்னா எழுந்து விளையாடப் போலாம்னு நெனச்சேன்."

மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்தவர் உயரமாக இருந்தார். தலைப்பாகையும் கட்டியிருந்தார். அவரைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். ஒரு காது கேட்காமல் போயிற்று. பொங்கலுக்கு நெற்குதிரைச் சுத்தம் செய்தபோது சங்கிலி உள்ளேயிருந்து விழுந்தது. அதை யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. அதற்குள் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருந்தார்.

"பேரன் பேத்தியெல்லாம் பாத்தாச்சு. அவர் பேர் மட்டும் மறக்கவே இல்ல" என்றார் அப்பா. பெயரையும் சொன்னார். நான் இங்கே எழுதவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மகள்தான் ரிமோட்டை எடுத்து, "அடுத்த எபிசோடு போடட்டா தாத்தா?" என்றாள்.

"இரு. அந்தப் பொண்ணு பூனையை ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சொல்லுச்சே... அந்த இடத்தை இன்னொரு தரம் போடு."