விசைப்பலகையும் எழுத்திலக்கணமும்

மலேசியத் தமிழரிடையே அறிவியற் கருவிகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரு வினாக்களே முன்னிற்கின்றன. விலை என்ன என்பது ஒன்று; விரைவு எவ்வளவு என்பது மற்றொன்று. கணினி ஆர்வலர்களின் விவாதங்கள் பெரும்பாலும் இவ்விரண்டனுள் அடங்கிவிடுகின்றன. தமிழாசிரியர்க்கோ மூன்றாவது வினா ஒன்று உண்டு. ஒரு கருவி, அதனைக் கையாளும் மாணவனுக்குத் தமிழ் எழுத்தின் இயல்பை உணர்த்துகின்றதா, அன்றி மறக்கச் செய்கின்றதா என்பதே அது. தமிழ்த் தட்டச்சு முறைகளை இவ்வினாவைக்கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழை இயந்திரத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்த இவர், பிழைப்பை நாடி வந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசையமைப்பு வகுத்துத் தந்தார். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கிய அவர்தம் நுண்ணறிவு போற்றத்தக்கது. ஆயினும், அப்பொறி எழுத்தின் வடிவத்தையே பின்பற்றியது. ‘கொ’ என்று அடிக்க வேண்டுமாயின், முதலில் ஒற்றைக்கொம்பு, பின்னர்க் ககரம், அதன்பின் கால் என மூன்று விசைகளைத் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. ககர மெய்யும் ஒகர உயிரும் கூடிப் பிறக்கும் ஒலியின் வரிசை அன்று. இரும்பினாலான பொறியிடம் அதற்குமேல் எதிர்பார்த்தல் முறையாகாது.

கணினி வந்தபின் நிலை மாறியது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கிள்ளான் வட்டாரம் நன்கறிந்த கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறனின் மைந்தர் இவர். ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்த அம்மென்பொருளும், 2005ஆம் ஆண்டில் கைப்பேசிக்கென வெளிவந்த ‘செல்லினம்’ என்னும் செயலியும் உலகத் தமிழரிடையே பரவின. பெரிய நாடுகளின் ஆய்வுக்கூடங்களை நோக்கிக் காத்திராமல், இந்நாட்டுத் தமிழர் ஒருவர் தம் மொழிக்கு வேண்டிய கருவியைத் தாமே ஆக்கிக்கொண்டார் என்பது வரலாற்றில் பதியத்தக்க செய்தியாகும். ‘முரசு அஞ்சல் முதல்நிலை’யும் செல்லினமும் விலையின்றியே வழங்கப்பட்டன. முகுந்த் முதலிய ‘தமிழா’ குழுவினரின் ‘எ-கலப்பை’யும் அவ்வாறே கிடைத்தது. எனவே, விலை பற்றிய முதல் வினாவுக்கு நிறைவான விடை கிடைத்துவிட்டது எனலாம்.

இம்மென்பொருள்கள் பலவற்றுள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட விசைமுறைகள் அமைந்துள்ளன. அவற்றுள் மலேசிய இளைஞர் பெரிதும் விரும்புவது உரோமன் எழுத்தைத் தட்டித் தமிழ் எழுத்தைப் பெறும் முறையாகும். இதன் நன்மை வெளிப்படையானது. தமிழ்ப்பள்ளி மாணவன் முதலாம் ஆண்டிலேயே தமிழோடு மலாயையும் ஆங்கிலத்தையும் கற்கிறான். பின்னிரண்டும் உரோமன் எழுத்தில் அமைந்தவை. கோலாலம்பூர்க் கடைகளில் வாங்கும் விசைப்பலகைகளிலும் பெரும்பாலும் அவ்வெழுத்துகளே பொறிக்கப்பட்டுள்ளன. புதிதாக ஒன்றைக் கற்காமலே தமிழில் எழுதத் தொடங்கலாம் என்பது எளிய நன்மை அன்று. தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்று தமிழைவிட்டு விலகியிருந்த பலரை மீண்டும் தமிழ் எழுத வைத்த பெருமை இம்முறைக்கு உண்டு.

எனினும், இதன் குறையையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். இம்முறையில் சிறிய ‘எல்’ லகரம், பெரிய ‘எல்’ ளகரம், ‘இசட்’ ழகரம். சிறிய ‘என்’ னகரம். பெரிய ‘என்’ ணகரம். சொல்லின் முதலில் வரும் நகரத்தைக் கருவி தானே உணர்ந்து தந்தாலும், பிற இடங்களில் அதற்கு வேறு வழி தேட வேண்டும். லகரமும் ளகரமும் பிறப்பிடத்தால் வேறுபட்ட இரண்டு தனி எழுத்துகள் என்று வகுப்பறையில் ஆசிரியர் கற்பிக்கின்றார். ஒன்றன் பெரிய வடிவமே மற்றொன்று என்று விசைப்பலகை கற்பிக்கின்றது. ‘வலி’, ‘வளி’, ‘வழி’ ஆகிய மூன்றையும் வேறுபடுத்த இயலாமல் மாணவர் இடர்ப்படும் இந்நாளில், இது சிறு குறை என்று ஒதுக்கத்தக்கதன்று. அதனினும் பெரிய கேடு ஒன்றும் உண்டு. தமிழை உரோமன் எழுத்தால் எண்ணிப் பழகியவன், கருவியின் துணை இல்லாதபோது உரோமன் எழுத்திலேயே தமிழை எழுதி அமைகிறான். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இளையோர் பரிமாறும் கைப்பேசிச் செய்திகளே இதற்குச் சான்று. அச்செய்திகளில் ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் ஒரே தோற்றம் கொள்கின்றன.

இனி, மூன்றாவது முறையை நோக்கலாம். 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி உருவானது ‘தமிழ் 99’ விசைமுறை. தமிழ்நாட்டரசு அதனைத் தரமாக ஏற்றது. உயிரெழுத்துகள் இடப்பக்கத்தும் மெய்கள் வலப்பக்கத்தும் அமைய, உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்துகளுக்கே விசைகள் உள்ளன. புள்ளிக்கும் ஆய்த விசையே பயன்படும். உயிர்மெய் 216உம் இவற்றின் கூட்டத்தால் பிறக்கின்றன. மெய் அகரத்தோடு இயங்கும் என்னும் தொல்காப்பிய நெறிக்கேற்ப, ககர விசையைத் தட்டினால் ‘க’ தோன்றும். அடுத்து இகரத்தைத் தட்ட, அது ‘கி’ ஆகும்.

ஆசிரியர் உளங்கொள்ள வேண்டிய சிறப்பு இதற்கும் மேலானது. மகரத்தை இருமுறை தட்டினால், முதல் மகரம் தானே புள்ளி பெறும். எனவே ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டல்களே போதும். ஙகரத்தின்பின் ககரமும், நகரத்தின்பின் தகரமும் வரின் மெல்லினம் தானே ஒற்றாகும். உடனிலை மெய்ம்மயக்கமும் இனவெழுத்தும் பற்றி இலக்கண வகுப்பில் கூறப்படும் விதிகள் ஈண்டு விரல்நுனியில் செயற்படுகின்றன. மாணவன் தட்டச்சுப் பழகும்போதே எழுத்திலக்கணமும் பழகுகிறான். மூன்றாம் வினாவுக்கு ஆம் என்று விடையிறுக்கும் முறை இதுவே.

இதனைக் கற்க நாள் பல ஆகும் என்பர் சிலர். தொடக்கத்தில் விரல் தடுமாறும் என்பது உண்மையே. ஆயின், கையெழுத்துப் பழக ஓராண்டைத் தரும் பள்ளி, விரலெழுத்துப் பழகச் சில வாரங்களைத் தரலாகாதா? விசைப்பலகையில் தமிழ் எழுத்து இல்லை என்பது மற்றொரு தடை. ஓர் அட்டையில் விசைப்படம் வரைந்து வகுப்பறைச் சுவரில் மாட்டுதல் அத்தடைக்குப் போதிய மருந்தாகும். மென்பொருளுக்கு விலையில்லை; அட்டைக்கு ஆகும் செலவோ மிகச் சிறிது. ஏழைத் தோட்டப்புறப் பள்ளியும் மேற்கொள்ளத்தக்க சீர்திருத்தம் இது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, கல்வி இல்லங்களுக்கு இடம்பெயர்ந்தபோது, கைப்பேசியே கரும்பலகை ஆயிற்று. தமிழில் தட்டச்சுப் பழகாமை எத்தகைய குறை என்பதை அக்காலம் உணர்த்தியது. இன்றோ, பேசினால் எழுத்தாக்கித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. லகர ளகர ழகர வேறுபாட்டைக் கருவியே பார்த்துக்கொள்ளும் என்று இளையோர் மகிழலாம். கருவி தவறாக எழுதியதைத் தவறென்று கண்டு திருத்துதற்கும் எழுத்தறிவு வேண்டும் என்பதை அவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடன்.

உரோமன் வழித் தட்டச்சு ஆற்றைக் கடக்க உதவும் ஓடம் போன்றது. தமிழைவிட்டு விலகியோரைக் கரைசேர்க்க அது வேண்டும். அதனைப் பழித்தல் நன்றியன்று. தமிழ்ப்பள்ளி மாணவனோ முன்னரே கரையில் நிற்பவன். அவனை ஓடத்தில் ஏற்ற வேண்டுவதில்லை. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில், மாணவனின் விரல் முதன்முதலில் தொடும் தமிழ் விசை தமிழ் எழுத்தாகவே இருத்தல் வேண்டும். கருவியை ஆக்கியோர் இருவழியையும் திறந்தே வைத்துள்ளனர். எவ்வழியில் மாணவனை நடத்துவது என்னும் பொறுப்பு ஆசிரியருடையதாகும்.