வெட்டக்கூடாத மந்திரி

டிரா என்றாலே சோம்பேறித்தனமான கைகுலுக்கல் என்று நினைப்பவர்களுக்கு 1872-இல் வியன்னாவில் நடந்த ஒரு சதுரங்க ஆட்டத்தைக் காட்ட வேண்டும். வெள்ளைக்கு கார்ல் ஹாம்பே, அரசாங்க அதிகாரி. கறுப்புக்கு பிலிப் மைட்னர், வழக்கறிஞர். இயற்பியலாளர் லிசே மைட்னரின் அப்பா.

மூன்றாவது நகர்த்தலிலேயே ஹாம்பே குதிரையை ஓரத்துக்கு அனுப்பி எதிரியின் மந்திரியைச் சீண்டுகிறார். அந்த மந்திரி எஃப்-2 சிப்பாயை வெட்டி, செக் சொல்லிவிட்டுச் சாகிறது. வெளியே வந்த வெள்ளை ராஜா அதன்பின் வீடு திரும்பவே இல்லை. ஹாம்பே ஆடிய 18 நகர்த்தல்களில் 12 ராஜாவுடையவை! ராணி, இரண்டு யானைகள், ஒரு மந்திரி, ஒரு குதிரை எல்லாம் தொடங்கிய கட்டத்திலேயே கடைசிவரை நிற்கின்றன. வீடு நிறைய ஆள் இருக்க, பெரியவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருச்சண்டைக்குப் போனது போல.

ஒன்பதாவது நகர்த்தலில் மைட்னர் ராணியையே காவு கொடுக்கிறார். பிறகு ஒரு குதிரையையும்.

நான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது ஹாம்பேயின் 14-ஆவது நகர்த்தலை. பி-6-க்கு ஒரு சிப்பாய் வந்தால் போதும், மேட். ராஜா ஒதுங்கக்கூடிய ஒரே கட்டத்தில் அவருடைய மந்திரியே உட்கார்ந்திருக்கிறது. ஹாம்பே அதை சி-6-இல், கறுப்புக் குதிரையின் வாயிலேயே கொண்டுபோய் வைக்கிறார். ராஜாவுக்கு இடம் கிடைக்கிறது; டி-7-இலிருந்து வரவிருந்த அடுத்த மேட்டுக்கும் தடை விழுகிறது. உயிர் பிழைக்க இவ்வளவு அழகு தேவையா என்றுகூடத் தோன்றும்.

சிப்பாய் பி-6-இல் செக் சொல்ல, ராஜா ஒதுங்குகிறது; குதிரை அந்த மந்திரியை வெட்ட, ராஜா குதிரையை வெட்டி சி-6-இல் நிற்கிறது. இதற்கு மைட்னரின் பதில் இன்னும் ஒரு படி மேல். எஞ்சிய ஒரே மந்திரியை பி-7-இல் வைத்து செக் சொல்கிறார். பாதுகாப்பே இல்லாத காய். ஆனால் வெட்டினால் கறுப்பு ராஜா அமைதியாக டி-7-க்கு நகரும். வெள்ளை ராணி ஓடிவந்து ஒரு செக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆட்டம் முழுக்க மூலையை விட்டு அசையாத யானை பி-8-க்கு வந்து மேட் செய்துவிடும். எனவே ராஜா விலகுகிறது. மந்திரி ஏ-6-இலிருந்து மறுபடி செக். ஏ-4-க்கு ஓடினாலோ சிப்பாயின் கையால் சாவு. திரும்பி சி-6, மீண்டும் பி-7-இல் செக். டிரா.

பலகையில் காய்களை அடுக்கி, 17-ஆவது நகர்த்தலில் அந்த மந்திரியை ஒருமுறை வெட்டித்தான் பாருங்களேன்.